சத்திரத்தில் இடம்: குழந்தையோடு வருவோரும் பொது இடங்களும் – ஒரு திறனாய்வு

2015 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டித் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகளைத் திறந்தது. கைக்குழந்தையோடு பயணம் செய்யும் தாய், நிலையத்தின் ஒரு மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி அமர்ந்து, சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டியிருந்த நிலையை ஓர் அரசு கண்டுகொண்டது என்பதே பாராட்டுக்குரியது. எனினும் பாராட்டு வேறு, திறனாய்வு வேறு. பத்தாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட இன்று, அவ்வறைகளின் பின்னால் நிற்கும் கருத்தை ஆராய்வது தகும் என எண்ணுகிறோம். குழந்தையோடு வரும் குடும்பத்தைப் பொது இடம் ஏற்றுக்கொள்வது என்றால் என்ன? அவர்களுக்கென ஓர் அறையை ஒதுக்கிவிட்டால் அது நிறைவேறிவிடுமா?

இது நகராட்சிகளும் வணிகர்களும் ஆராயவேண்டிய பொருளாயிற்றே, ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் இதில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். நம் திருச்சபைகள் ஆலயங்களை மட்டும் உடையன அல்ல. மருத்துவமனைகள், பள்ளிகள், விடுதிகள், திருமண மண்டபங்கள் அவற்றிற்கு உண்டு. பல நகரங்களில் வாடகைக்கு விடப்பட்ட கடைத்தொகுதிகளும் உண்டு. பொது இடத்தின் உரிமையாளராகவும் வணிகத்தின் பங்காளியாகவும் திருச்சபை நிற்கிறது. ஆகவே இத்திறனாய்வு பிறரை நோக்கிய சுட்டுவிரல் அன்று.

1. ஒரு சொல்லும் இரு மூலங்களும்

பெத்லகேமில் பிறந்த பாலகனுக்குச் சத்திரத்தில் இடமில்லை என்று ஒவ்வொரு கிறிஸ்து பிறப்பு விழாவிலும் கூறி வருகிறோம். லூக்கா 2:7 இல் நம் பழைய மொழிபெயர்ப்பு சத்திரம் என்று தரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் நிற்கும் சொல் 'கட்டாலுமா'. இதே நற்செய்தியாளர், நல்ல சமாரியன் உவமையில் வரும் விடுதியைக் குறிக்க 'பண்டோக்கெயோன்' என்ற வேறொரு சொல்லை ஆளுகிறார் (10:34). தமிழில் இரண்டும் சத்திரமாகவே வந்துவிட்டன. கட்டாலுமா மீண்டும் 22:11 இல் வருகிறது. அங்கே அது ஆண்டவர் தம் சீடரோடு பஸ்கா உண்ணவிருந்த வீட்டின் விருந்தினர் அறை. இதனைக் கொண்டு, பெத்லகேமில் இடமின்றிப் போனது வணிக விடுதியில் அன்று, உறவினர் வீட்டு விருந்தினர் அறையிலேயே எனக் கருதும் ஆய்வாளர் உளர். மத்தியக் கிழக்கு நாடுகளில் நெடுங்காலம் கற்பித்த கென்னத் பெய்லி இக்கருத்தை விரிவாக எடுத்துரைத்தவர்.

இவ்விளக்கத்தை ஏற்போமாயின் நம் வழக்கமான பிரசங்கம் ஒன்று ஆட்டங்காணும். இரக்கமற்ற விடுதிக்காரன் மறைந்துபோகிறான். அவனுக்குப் பதிலாக நிற்பது நெரிசல் மிகுந்த ஒரு வீடு. ஒதுக்கப்பட்ட அறை நிரம்பிவிட்டது. ஆயினும் பிள்ளை பெறும் பெண்ணுக்கு வீட்டின் வேறொரு பகுதியில், முன்னணை இருந்த இடத்தில், இடம் செய்து கொடுக்கப்பட்டது. விருந்தினர் அறை தவறிய இடத்தில் வீடே விருந்தோம்பியது. இப்படிக் காணும்போது அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது அறையின் பெருமையை அன்று, வீட்டின் இசைவை.

பண்டோக்கெயோன் என்ற சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. எல்லாரையும் ஏற்கும் இடம் என்பது அதன் சொற்பொருள். ஏற்றல் என்னும் பொருளுடைய அதே வினையடிதான், ஒரு சிறு பிள்ளையை ஆண்டவர் பெயரால் ஏற்பவர் அவரையே ஏற்கிறார் என்ற போதனையிலும் (மாற். 9:37) வருகிறது. அவ்விடுதி இலவசமாக நடந்ததன்று. சமாரியன் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான், மீதியைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். எனவே வணிக இடமும் எல்லாரையும் ஏற்கும் இடமாக இருத்தல் கூடும் என்பது அவ்வுவமையிலேயே அடங்கியுள்ளது.

2. தமிழ்நாட்டுச் சத்திரம்

சத்திரம் என்ற சொல்லைத் தேர்ந்த நம் மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ்நாட்டில் உயிரோடிருந்த ஒரு நிறுவனத்தின் பெயரை எடுத்துக்கொண்டனர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, நம் சபைகள் நன்கறிந்த சுவார்ட்சு ஐயரின் பராமரிப்பில் கல்வி பெற்றவர். அவர் 1801 இல் ஆங்கில ரெசிடெண்டுக்குத் தம் நாட்டுச் சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். வழிப்போக்கருக்கு உணவளித்தல், நோயுற்றோருக்கு மருத்துவம் செய்தல் ஆகியவற்றோடு, குழந்தைகளுக்குப் பால் கொடுத்தலும், கருவுற்ற பெண்களைப் பேணுதலும், சத்திரத்திலேயே பிள்ளை பெற்றவர்களை மூன்று மாதம் வரை அங்கே தங்க விடுதலும் அச்சத்திரங்களின் வழக்கம் என்று அதில் கூறினார்.

பாலும் பேறுகாலமும் ஒரு மூலையில் ஒதுக்கப்பட்ட தனி ஏற்பாடுகள் அல்ல என்பதே இங்குக் கருதத்தக்கது. பயணி என்று சொன்னபோதே, அப்பயணி கருவுற்றவளாகவும் இருக்கலாம், கைக்குழந்தையாகவும் இருக்கலாம் என்ற நினைவு அந்த ஒழுங்கினுள் இருந்தது. சாலையோரச் சுமைதாங்கிக் கல்லையும் இதனோடு எண்ணலாம். கருவுற்ற நிலையில் பிள்ளை பெறாமலே மாண்ட பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழர் வழக்கு. இறக்கி வைக்க முடியாத சுமையோடு இறந்தவளின் பெயரால், தலைச்சுமையோடு வருவோர் யாவரும் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்றத்தக்க ஒரு கல் நிறுத்தப்பட்டது. தாய்மையின் துயரம் அங்கே எல்லாருக்குமான பொதுவசதியாக மாறியது.

ஆயினும் பழமையைப் போற்றுவதில் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. சத்திர மரபு சாதி வேற்றுமைகளினின்று விடுபட்டதன்று. சமைத்ததை யார் உண்பது, எங்கே அமர்வது, யார் முதலில் என்பவற்றில் படிநிலை இருந்தது. எல்லாரையும் ஏற்கும் இடம் என்ற பெயரை அதற்கு முழுமையாகக் கொடுத்துவிட முடியாது. நாம் அதனிடம் கற்பது ஒன்றே: குழந்தையும் தாயும் பொது இடத்திற்கு எதிர்பாராமல் வந்துவிட்டவர்கள் அல்லர், முதலிலிருந்தே எண்ணப்படவேண்டியவர்கள்.

3. ஒதுக்கிய அறையின் நிறையும் குறையும்

இனி இன்றைய அறைக்கு வருவோம். அதன் நன்மையை முதற்கண் ஏற்றுக்கொள்கிறோம். நெரிசலும் புகையும் இரைச்சலும் மிகுந்த நிலையத்தில் அமைதியாக அமர ஓர் இருக்கை கிடைப்பது சிறிய காரியமன்று. அறையை விரும்பும் தாய்க்கு அது கிடைக்கவேண்டும். அதை இகழ்வது, தேவையில் இருப்பவளின் கையிலிருந்து ஒன்றைப் பறிப்பதாகும்.

குறைகள் மூன்று. முதலாவது பராமரிப்பு. பூட்டிக் கிடக்கும் அறைகளையும், சாமான் போட்டு வைக்கும் இடமாகிவிட்ட அறைகளையும் பற்றி நாளேடுகள் பலமுறை எழுதியுள்ளன. ஒரு மூலையில் ஒதுக்கப்படுவதன் இயல்பே இது. எல்லாரும் கடந்து செல்லாத இடம் எல்லாராலும் மறக்கப்படும். இரண்டாவது, குழந்தையைத் தாயின் பொறுப்பாக மட்டுமே இவ்வறை காண்கிறது. மகளிர் மட்டும் நுழையும் இடத்தில், பிள்ளையின் துணியை மாற்றவேண்டிய தந்தைக்கு வழியில்லை. பேரனைச் சுமந்து வந்த தாத்தாவுக்கும் இல்லை. குடும்பம் என்று பேசுகிறோம். கட்டுவதோ தாய்க்கு மட்டும்.

மூன்றாவது குறை ஆழமானது. அறை ஒன்று இருப்பதனாலேயே, அறைக்கு வெளியே பால் கொடுக்கும் தாய் முறையற்றவளாகக் கருதப்படக்கூடும். இருக்கிற அறைக்குப் போகலாமே என்ற பார்வை, வசதியைக் கட்டளையாக மாற்றிவிடுகிறது. 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் பொது இடங்களில் பாலூட்டும் அறைகளும் குழந்தை பராமரிப்பு அறைகளும் அமைப்பது பற்றி மாநிலங்களுக்கு வழிகாட்டியபோது, திட்டநிலையிலும் கட்டுமான நிலையிலும் உள்ள கட்டடங்களில் இதற்கு இடம் ஒதுக்கவேண்டும் என்றதோடு நில்லாமல், பொது இடத்திலும் பணியிடத்திலும் பாலூட்டுவதை இழிவாகக் கருதலாகாது என்றும் நினைவூட்டியது. இவற்றுள் முன்னையதைச் செங்கல்லால் நிறைவேற்றலாம். பின்னையதற்குச் செங்கல் உதவாது. அங்கேதான் சமயத்தின் பொறுப்பு தொடங்குகிறது.

இதே அரசின் வேறு இரு செயல்களை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாயினர். 2022 இல், அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணத்திற்கான குழந்தைகளின் வயது மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டது. இவற்றிற்காகத் தனிப் பேருந்து விடப்படவில்லை; பொதுவான பேருந்தின் பொதுவான விதியே மாறியது. தாயும் பிள்ளையும் எல்லாரோடும் எல்லாருக்கும் உரிய வண்டியில் ஏறினர். அறையினும் விதி ஆழமாகச் செல்லும் என்பதற்கு இது சான்று. 2022 இல் லக்னோ மெயில் தொடர்வண்டியில் தாயின் படுக்கையோடு இணைந்த குழந்தைப் படுக்கை சோதனையாக அமைக்கப்பட்டதும் இவ்வகையினதே. தாயை வேறிடத்திற்கு அனுப்பாமல், அவள் இருக்கும் இடத்தையே அது அகலமாக்கியது.

4. வணிகத்தின் வரவேற்பு

வணிக நிலையங்கள் குழந்தைகளை வரவேற்பதில் அரசை முந்திக்கொண்டன என்பர். பெரிய துணிக்கடைகளில் விளையாட்டு மூலைகளும், உணவகங்களில் உயர நாற்காலிகளும் வந்துவிட்டன. இவற்றைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் அவற்றின் அளவுகோலை அறியவேண்டும். குழந்தை மகிழ்ந்தால் குடும்பம் நெடுநேரம் தங்கும். நெடுநேரம் தங்கினால் மிகுதியாக வாங்கும். இவ்வரவேற்பு பணப்பையை நோக்கியது. ஆகவே வாங்காமல் நிழலுக்காக ஒதுங்கிய தாயை அது அறியாது.

லாபத்தின் அளவுகோல் திரும்பினால் கதவும் திரும்பும். தென் கொரியாவில் சிறுவர்களை அனுமதியாத உணவகங்களும் தேநீர்க் கடைகளும் பெருகின. ஜேஜு தீவில் பதின்மூன்று வயதுக்குட்பட்டோரை விலக்கிய ஓர் உணவகத்தின் செயல் வேற்றுமை பாராட்டுவதே என்று அந்நாட்டுத் தேசிய மனித உரிமை ஆணையம் 2017 இல் முடிவு செய்தது. அமைதியை விரும்பிப் பணம் கொடுப்பவர் ஒருபுறம், சத்தமிடும் பிள்ளை மறுபுறம் என்று கணக்கிட்டால், பிள்ளை எப்போதும் தோற்கும். அதற்கென்று பணப்பை இல்லை.

மேலும் ஒன்று. குடும்பத்தை வரவேற்கும் கடையில் விற்பனை செய்யும் பெண்ணுக்கும் குடும்பம் உண்டு. நாள் முழுதும் நின்றே வேலை செய்தவர்களுக்கு இருக்கை கொடுக்கவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021 இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பது நம் கடைகளின் நிலையைக் காட்டும். 2017 இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரை உடைய நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்று வரலாம் என்றும் விதித்தது. நன்று. ஆனால் நம் தெருக்களின் கடைகள் பெரும்பாலும் ஐந்து பேரும் பத்துப் பேரும் வேலை செய்யும் சிறு கடைகள். அவர்களின் பிள்ளைகளுக்கு அவ்விதி எட்டாது. வாங்குபவளின் குழந்தைக்குப் பலூனும் விற்பவளின் குழந்தைக்குப் பூட்டிய வீடும் என்றால், அக்கடை குடும்பங்களை வரவேற்கிறது என்று நாம் சொல்லலாமா?

5. இரு சினங்கள்

இங்கே திருமறைக்குத் திரும்புகிறோம். மாற்கு 10:13-16 நம் வழிபாட்டில் நன்கு அறியப்பட்ட பகுதி. ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல் அதனைக் குழந்தைத் திருமுழுக்கு முறைமையில் நற்செய்திப் பாடமாக வைத்தது. சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆஸ்கர் குல்மனும் யோவாக்கிம் எரேமியாசும் இப்பகுதியில் தொடக்கத் திருச்சபையின் திருமுழுக்கு வழக்கத்தின் எதிரொலியைக் கேட்டனர். கூர்ட் ஆலந்து 1961 இல் எரேமியாசை மறுத்து எழுதினார். நம் இறையியல் வகுப்புகளிலும் இவ்விவாதம் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படுகிறது. குழந்தைக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்று ஆராய்ந்தோம். குழந்தைக்கு இடம் உண்டா என்று அதே ஆர்வத்தோடு ஆராய்ந்தோமா?

அப்பகுதி கூறுவது முதலில் இடத்தைப் பற்றியது. பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீடர் அதட்டுகின்றனர். அவர்கள் தீயவர் அல்லர். போதனைக்கு இடையூறு வராமல் காக்கும் நல்ல நிர்வாகிகள். ஆண்டவரோ சினங்கொள்கிறார். இங்கு மாற்கு ஆளும் வினைச்சொல்லை மத்தேயு 21:15 இலும் காண்கிறோம். அங்கே தேவாலயத்தில் பிள்ளைகள் உரத்துக் கூவியதைக் கேட்டுத் தலைமைக் குருக்களும் வேதபாரகரும் சினங்கொள்கின்றனர். சொல் ஒன்றே, சினங்கள் இரண்டு. ஒன்று குழந்தை உள்ளே சத்தமிட்டதற்காக எழுந்த சினம்; மற்றது குழந்தை வெளியே நிறுத்தப்பட்டதற்காக எழுந்த சினம். பொது இடம் எதுவாயினும், குழந்தை அழும்போது அங்கே எழும் சினம் இவ்விரண்டில் எது என்று கேட்பதே அதன் தன்மையை அளக்கும் வழி எனலாம்.

யோவேல் 2:16 இன் அழைப்பும் கருதத்தக்கது. நாடு நெருக்கடியில் இருக்கும்போது கூட்டப்படும் பரிசுத்தமான சபைக்கு முதியோரோடு பால் குடிக்கும் குழந்தைகளையும் சேர்க்கும்படி தீர்க்கர் கூறுகிறார். பால் குடிக்கும் குழந்தை தாயின்றி வராது. ஆகவே அச்சபையின் நடுவே, புலம்பலுக்கும் மன்றாட்டுக்கும் இடையே, பால் கொடுக்கும் பெண்கள் அமர்ந்திருப்பர் என்பது சொல்லாமலே விளங்கும். அப்போஸ்தலர் பவுலும் தம் ஊழியத்தைத் தன் பிள்ளைகளைப் பேணும் பால் கொடுக்கும் தாய்க்கு ஒப்பிட நாணவில்லை (1 தெச. 2:7). மரியாளின் பால் என்று சொல்லிப் பல ஊர்களில் காட்டப்பட்ட திருப்பண்டங்களைக் கால்வின் 1543 இல் எள்ளி எழுதியது நியாயமே. ஆனால் மூடநம்பிக்கையை விலக்கிய நாம், தாய்ப்பாலை வழிபாட்டு இடத்தில் நாணத்திற்குரியதாக எண்ணும் மனப்பான்மையையும் உடன் வளர்த்துக்கொண்டோம் என்றால், அது சீர்திருத்தத்தின் பயன் ஆகாது.

6. நம் வீட்டின் ஒழுங்கு

அமைதியை நாடி வரும் முதியோருக்கும் நோயுற்றோருக்கும் உரிமை இல்லையா என்ற எதிர்வாதம் நேர்மையானது. வழிபாட்டிலும் மருத்துவமனையிலும் அமைதிக்கு மதிப்பு உண்டு. பெற்றோர் தம் பிள்ளைகளைக் கவனிக்கும் கடமையையும் நாம் தள்ளவில்லை. ஆனால் எல்லா இடங்களிலும் எல்லா வேளையிலும் முழு அமைதி வேண்டும் என்பது தேவை அன்று, பழக்கம். பழக்கங்களைத் திருத்தலாம். சிறிது நேர அழுகையைப் பொறுப்பதும் திருச்சபையின் ஒழுக்கப் பயிற்சிகளுள் ஒன்றே.

நகரத்து ஆலயங்கள் சிலவற்றில், அழும் பிள்ளைகளோடு தாய்மார் அமரக் கண்ணாடித் தடுப்பு இட்ட அறைகள் கட்டப்பட்டுள்ளன. ஒலிபெருக்கி வழியாக அருளுரை உள்ளே கேட்கும். உள்ளே எழும் சத்தம் வெளியே கேட்காது. இவ்வமைப்பின் இறையியலை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். தாய்க்குக் கேட்கும் உரிமை உண்டு. அவளோடு உள்ளவரின் குரலுக்குச் சபையில் இடமில்லை. பாய் விரித்த சிற்றூர் ஆலயங்களில் இக்கேள்வி எழவே இல்லை. அங்கே பிள்ளை தாயின் மடியில் உறங்கும். விழித்தால் தவழ்ந்து அடுத்த பாட்டியிடம் போகும். அவர் பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ள, தாய் பாமாலை பாடுவாள். இருக்கைகள் வரிசையாக நிறுத்தப்பட்ட பின்னரே குழந்தை இடையூறாயிற்று. செல்வத்தால் நாம் பெற்ற ஒழுங்கு, வறுமையில் நமக்கிருந்த விருந்தோம்பலைக் குறைத்துவிட்டது.

எனவே செய்யக்கூடியவற்றைக் கூறி முடிக்கிறோம். ஆலயத்தின் முற்பகுதியிலோ ஓரத்திலோ சில இருக்கைகளை அகற்றிப் பாய் விரிக்கலாம். பாலூட்டும் அறை அமைத்தால், விரும்புவோர் செல்லும் இடமாகவே அது இருக்கட்டும். அங்கே செல்லும்படி எவரும் பணிக்கப்படலாகாது. இதனை ஆயரே மேடையிலிருந்து ஒருமுறை கூறிவிட்டால், நூறு பார்வைகள் தாழும். திருமண மண்டபங்களிலும் மருத்துவமனைகளிலும் குழந்தையின் துணி மாற்றத் தந்தையரும் செல்லத்தக்க இடம் வேண்டும். வாடகைக்கு விடும் கடைத்தொகுதிகளில் தூய கழிப்பறை, குடிநீர், வாங்காதவரும் அமரத்தக்க ஒரு திண்ணை ஆகியவற்றை ஒப்பந்த நிபந்தனைகளாக வைக்கும் அதிகாரம் திருச்சபை நிர்வாகங்களுக்கு உண்டு. சிறு கடைகளில் பணிபுரியும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு, வார நாள்களில் வெறுமையாய் நிற்கும் ஓய்வுநாள் பள்ளிக் கட்டடங்களைக் காப்பகமாகத் திறந்துவிடலாம். சட்டம் எட்டாத ஐந்து பேர் கடைக்குச் சபையின் கூரை எட்டும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. பிடிப்பது வேறொன்று. நம் ஒழுங்கு யாருக்காக வகுக்கப்பட்டது என்ற கேள்விக்கு நாம் சொல்லிவந்த விடையை மாற்றவேண்டும். அறையைக் கட்டிவிட்டு மனத்தை அப்படியே வைத்துக்கொள்வது எளிது. பெத்லகேமில் அந்த எளிய வழி இருக்கவில்லை, அறை நிரம்பியிருந்தது. ஆகவே வீட்டார் நகர்ந்து இடம் கொடுத்தனர். குழந்தையோடு ஒரு குடும்பம் நம் வாயிலில் வந்து நிற்கும்போது, எந்த அறைக்கு அனுப்புவது என்று நாம் எண்ணுகிறோமா, யார் சற்று நகர்ந்து அமர்வது என்று எண்ணுகிறோமா? பண்டோக்கெயோன் என்ற பெயர் நம் இடங்களுக்குப் பொருந்துமா என்பது அவ்விடையைப் பொறுத்தது.